நாற்பத்தொரு பேருக்கு ஒரு ஏக்கர்

நாச்சிமுத்து மற்றவர்களைப் போல ஐ.பி. கொடுத்துவிட்டுப் போயிருந்தால் எனக்கு இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய் நஷ்டம், அதோடு முடிந்திருக்கும். அந்த மனுஷன் யோக்கியமாக நடந்துகொண்டார். வினை அங்கேதான் பிடித்தது.

ராசிபுரம் கடைவீதியில் எனக்குச் சாக்குக் கடை. பெயர் வெங்கடாசலம். எதிர்வரிசையில் நாச்சிமுத்துவின் மண்டி. கடலைக்காயும் ஜவ்வரிசியும் வாங்கி வெளியூருக்கு ஏற்றி அனுப்புவார். பதினைந்து வருஷமாக என்னிடம்தான் சாக்கு எடுத்தார், தீபாவளிக்குத் தீபாவளி கணக்கு முடித்தார். எழுபத்தேழில் கல்கத்தாவுக்கு எட்டு லாரி ஜவ்வரிசி அனுப்பினார். அங்கே வாங்கின சேட்டு ஒரே வாரத்தில் கடையைப் பூட்டிக்கொண்டு மறைந்துவிட்டான். நாச்சிமுத்து ரயிலேறிப் போய் இருபது நாள் அந்தப் பூட்டின கடை வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். வந்தவரைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது, என் சாக்குப் பணம் இனி வராது என்று.

கோர்ட்டில் போய் நான் திவால் என்று ஐ.பி. மனுப் போட்டுவிட்டு, அடுத்த மாசமே மச்சினன் பெயரில் மூன்று கடை தள்ளிப் புதுப் பலகை மாட்டுகிறவர்களை எங்கள் கடைவீதி நிறையப் பார்த்திருக்கிறது. நாச்சிமுத்து அப்படிச் செய்யவில்லை. கடன் கொடுத்தவர்கள் நாற்பத்தொரு பேரையும் மண்டிக்குக் கூப்பிட்டார். எல்லோருக்கும் காப்பி வரவழைத்தார். பிறகு எழுந்து நின்று கைகூப்பினார்.

"எனக்குன்னு இருக்கறது பூராத்தையும் எழுதித் தந்தர்றனுங்க. வித்து, அவங்கவங்க கடனுக்குத் தக்கனப் பிரிச்சுக்கங்க. கோர்ட்டுப் போலீசுன்னு மட்டும் என்னய இழுத்துப்போடாதீங்க."

ஆடு விற்ற பணம் எண்ணூறு ரூபாயைப் பத்திரமாக இருக்கட்டும் என்று அவரிடம் கொடுத்து வைத்திருந்த பாவாயி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வக்கீல் பத்திரத்தை எழுதினார். சொத்து முழுவதும் இரண்டு பேர் பொறுப்புக்கு வரும். அவர்கள் அதை விற்று நாற்பத்தொரு பேருக்கும் பங்கிட வேண்டும். அதற்குப் பதிலாக நாற்பத்தொரு பேரும் இனி வழக்குப் போடுவதில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் ஒரு ஷரத்து: இந்தச் சொத்துகளில் வேறு யாருக்கும் எந்தப் பாத்தியதையும் கிடையாது, அப்படி ஏதாவது தெரியவந்தால் ஒப்பந்தம் ரத்து, அவரவர் அவரவர் வழியில் போய்க்கொள்ளலாம், நாச்சிமுத்து சிவிலுக்கும் கிரிமினலுக்கும் உட்படுவார்.

பொறுப்பாளராகக் காளியப்பனைப் போட்டார்கள். நாற்பத்தாறாயிரம் வர வேண்டியவர் அவர். ஜவ்வரிசி ஆலை வைத்திருந்தார். இன்னொரு பொறுப்பாளர் நான். எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், எனக்கு வர வேண்டியது கொஞ்சம், ஆகவே நான் திருட மாட்டேன் என்று ஊர் நினைத்தது. பெருமையாகத்தான் இருந்தது. பெருமைப்பட்டதற்குப் பிறகு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பத்திரத்தில் சொத்து விவரம் எழுதின அன்றைக்கு நானும் கூட இருந்தேன். கர்ணம் எழுதிக் கொடுத்த சிட்டா நகலைப் பார்த்து வக்கீலின் குமாஸ்தா ஒவ்வொரு சர்வே நம்பராகப் படித்தார். நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ற பேருல இருக்கறது ஒண்ணு உடாம எழுதிப்போடுங்க. நாளைக்கு ஒருத்தரும் ஒளிச்சு வெச்சுட்டான்னு சொல்லப்படாது" என்றார்.

எங்கள் பக்கத்தில் யாருக்காவது தன் காட்டின் நம்பர் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். கிணத்துமேடு தெரியும், வேலாங்காடு தெரியும், மொட்டப்பாறைக் காடு தெரியும். நம்பர் கர்ணத்துக்கு, பெயர் நமக்கு. குமாஸ்தா இருநூற்றுப் பதினாலு பார் மூணு, புஞ்சை, ஒரு ஏக்கர் என்று படித்தபோது நாச்சிமுத்துவின் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. எனக்கும் அது ஒரு நம்பர், அவ்வளவுதான். பத்திரம் பதிவாகிவிட்டது.

அடுத்த வாரம் நிலங்களை அடையாளம் பார்த்து வரக் கிளம்பினேன். தலையாரி சின்னான் கையில் ஒரு குச்சியோடு முன்னால் போனான். ஒவ்வொரு காடாகக் காட்டிக்கொண்டே வந்து ஒரு வழுக்கைப் பாறைக்குப் பக்கத்தில் நின்றான். கடலைச் செடி மஞ்சளாகப் பூத்திருந்தது. உள்ளே ஒரு பொம்பளை குனிந்து களை கொத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, நாச்சிமுத்துவின் தங்கை சென்னியம்மாள். கல்யாணமாகி மூன்றாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள். குழந்தை கிடையாது. பாறைக்கு அந்தப் பக்கம் ஓட்டுச் சாளை ஒன்று போட்டுக்கொண்டு தனியாக இருந்தாள்.

"என்னத்தத் தேடறீங்க?" என்று கேட்டாள்.

"இருநூத்திப் பதினாலு பார் மூணு" என்றேன்.

"இதுதானுங்க அது" என்றான் சின்னான், குச்சியால் அவள் காலடியைக் காட்டி.

அவள் என்னைப் பார்த்தாள், என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். "இது எனக்கு மஞ்சக்காணிங்களே" என்றாள்.

மஞ்சள் காணி என்பது எங்களில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது அப்பன் கொடுக்கிற நிலம். மஞ்சள் குங்குமச் செலவுக்கு என்று பெயர். அவள் கல்யாணப் பந்தலில் அவள் அப்பன் நாலு ஊர்ச் சனத்துக்கு முன்னால் எழுந்து, மொட்டப்பாறைக் காடு என் மகளுக்கு என்று சொன்னார். சொன்னதோடு சரி. பத்திரம் கிடையாது. அண்ணன் தங்கைக்குள் பத்திரம் எழுதினால் அது ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அப்பன் செத்த பிறகு பட்டா முழுவதும் மகன் பெயருக்கு மாறியது. முப்பது வருஷமாக அந்த ஒரு ஏக்கருக்கும் சேர்த்து நாச்சிமுத்துதான் கந்தாய வரி கட்டினார். அண்ணன் கட்டுவது முறை. அவள் உழுதாள், விதைத்தாள், தின்றாள். அந்தக் காடு தங்கையுடையது என்பது அவருக்கு அவ்வளவு சாதாரணமாக இருந்ததால், அது தன் பெயரில் இருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு வந்ததில்லை.

நான் நேராக நாச்சிமுத்து வீட்டுக்குப் போனேன். வீடும் பத்திரத்தில் சேர்ந்ததுதான். ஆறு மாசம் தவணை கொடுத்திருந்தோம். கட்டிலில் உட்கார்ந்திருந்தவரிடம் நம்பரைச் சொன்னேன், பாறையைச் சொன்னேன். அவர் உடனே எழுந்து சட்டையைத் தேடினார். சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"ஐயோ, அது அவளுதுங்க. அது எப்பிடிங்க இதுல வந்துது?" என்றார்.

"நீங்கதானுங்க ஒண்ணு உடாம எழுதச் சொன்னீங்க" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். என் வாய் அப்படி. சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் பஸ் ஏறிச் சேலம் போய் வக்கீலைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். நாற்பத்தொரு பேரும் ஒருமனதாக அந்த நம்பரை விட்டுக்கொடுத்தால் திருத்தல் பத்திரம் எழுதலாம். ஒருவர் மறுத்தாலும் முடியாது. அந்த அம்மாள் தன்னுடையது என்று கேட்டு வந்துவிட்டால் கடைசி ஷரத்தின்படி ஒப்பந்தமே உடைந்துவிடும். நாற்பத்தொரு பேரும் கோர்ட்டுக்குப் போவார்கள். பிறத்தியார் நிலத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கினார் என்று யாராவது ஒரு கிரிமினல் புகார் கொடுத்தால் நாச்சிமுத்து ஜெயிலுக்கும் போக வேண்டி வரலாம்.

"நான் அதை அந்தம்மாவுக்குத் திருப்பிக் கொடுத்துட்டா?" என்று கேட்டேன்.

"அது உங்க சொத்து இல்லையே. எப்படிக் கொடுப்பீங்க?" என்றார்.

என் கையில் இருந்த சொத்து, என் கையெழுத்தில் விற்கக்கூடிய சொத்து, ஆனால் என் சொத்து இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்து எரிச்சல்பட்டுக்கொண்டு வந்தேன்.

காளியப்பனிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போயிற்று. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

"ஏனுங்க, இன்னைக்கு வாய்ப்பேச்சுல ஒரு ஏக்கரா உட்டா, நாளைக்கு நாச்சிமுத்து சம்சாரம் வந்து ஊடு எங்கப்பன் குடுத்த பணத்துல கட்டுனதும்பாங்க. அப்பறம் பாவாயிக்கு நீங்க என்ன பதிலு சொல்லுவீங்க?" என்றார். "எல்லாத்தயும் கூப்பிடுங்க. அந்தம்மாவும் வரட்டும். எல்லாருத்துக்கும் முன்னால கேப்போம். அவிங்க எல்லாரும் உடறதுன்னா நான் குறுக்க நிக்கமாட்டேன்."

கூட்டத்துக்கு முதல் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். சென்னியம்மாளைப் போய்ப் பார்த்து வக்கீல் சொன்னதை எல்லாம் சொன்னேன், ஒப்பந்தம் உடைவதையும் ஜெயிலையும் சேர்த்து. அவளுடைய நிலம், அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

சந்தை இல்லாத நாளாகப் பார்த்துக் காலையில் என் சாக்குக் குடோனில் கூட்டம் போட்டோம். எல்லோரும் சாக்குக் கட்டுகள் மேல் உட்கார்ந்தார்கள். சென்னியம்மாள் கதவோரமாக நின்றாள். உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டாள்.

முதலில் நாச்சிமுத்து எழுந்தார். மொட்டப்பாறைக் காடு தங்கையுடையது, அப்பன் மஞ்சள் காணியாகக் கொடுத்தது, நம்பர் தெரியாமல் சேர்ந்துவிட்டது, அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொன்னார்.

"உங்குளுது இல்லாத காட்டயா எங்குளுக்கு எழுதிக் குடுத்தீங்க?" என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார். உரக்கடைக்காரர். "அப்ப அந்தப் பத்திரத்துல இன்னும் எது எது யாருதுங்க?"

அவ்வளவுதான், குடோன் முழுக்கச் சலசலப்பு. ஒப்பந்தம் வேண்டாம், கோர்ட்டுக்கே போவோம் என்று இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்ட கிழவர்கள் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தலில் அவள் அப்பன் சொன்னது அவர்கள் காதில் விழாமல் இல்லை. அவர்களுக்கும் நாச்சிமுத்து கொடுக்க வேண்டியிருந்தது. வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கத் துடித்தேன். பொறுப்பாளர் ஒரு பக்கம் சேரக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார், வாயை மூடிக்கொண்டேன்.

காளியப்பன் கையைத் தூக்கிச் சத்தத்தை அடக்கினார். "அந்தம்மாவையே கேளுங்க" என்றார்.

கேட்க வேண்டியவன் நான்தான். "சென்னியம்மா, அந்தக் காடு உங்குளுதுங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் கெஞ்சினேன். மற்றதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்கே தெரியாது.

அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள். "இல்லீங்க. அது எங்கண்ணன் காடுங்க. நான் வாரத்துக்கு ஓட்டிக்கிட்டிருந்தேன்."

"சென்னீ" என்றார் நாச்சிமுத்து.

"அண்ணனுக்கு மனசு செரியில்லீங்க. எனக்குப் பாவம் பாத்துச் சொல்லுது. எங்கப்பன் எனக்கு ஒண்ணும் குடுக்குலீங்க" என்றாள்.

எழுந்து நின்ற இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவள் சொன்னது பொய் என்று அங்கே குறைந்தது பத்துப் பேருக்காவது தெரியும். அந்தப் பொய்யை நான் என் கையால் எழுதினேன். கீழே அவள் கைநாட்டு வைத்தாள். பத்திரம் உடையாமல் நின்றது. நாச்சிமுத்து தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். ஒருவரும் அவர் பக்கத்தில் போகவில்லை, நானும் போகவில்லை.

கடலை பிடுங்கும் வரைக்கும் விற்பதில்லை என்று காளியப்பனே சொன்னார். அறுவடை முடிந்த மறுநாள் ஒரு மாட்டு வண்டி என் கடை முன்னால் வந்து நின்றது. சென்னியம்மாள் இறங்கினாள். வண்டியில் நாலரை மூட்டை கடலைக்காய்.

"என்னங்க இது?" என்றேன்.

"ஒம்போது மூட்டை கண்டுதுங்க. காட்டுக்காரங்க பங்கு" என்றாள்.

வாரத்துக்கு ஓட்டினதாகச் சொன்னாள் இல்லையா, வாரம் என்றால் பாதி. தன் காட்டில் தான் விளைவித்ததில் பாதியைக் கொண்டுவந்து இறக்கினாள். அப்போது காளியப்பனும் கடையில் இருந்தார். மூட்டைகளை ஒரு தரம் எண்ணினார்.

"அந்த அரை மூட்டையவாச்சும் கொண்டுக்கிட்டுப் போங்கம்மா" என்றார்.

"கணக்குன்னா கணக்குங்க" என்றாள் சென்னியம்மாள். அரை மூட்டையின் வாயைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். அதையும் இறக்கச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போனாள். காளியப்பன் அன்றைக்குக் காப்பி குடிக்காமலே எழுந்து போனார்.

காட்டை ஆறாயிரத்து இருநூறுக்கு ஒருவர் வாங்கினார். சாளையையும் பிரிக்கச் சொன்னார். மொத்தக் கடன் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். பங்கு போட்டதில் பாவாயிக்கு அந்தக் காட்டிலிருந்து முப்பத்தைந்து ரூபாய் நாற்பத்து மூன்று காசு வந்தது. அதை அவள் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள். அவளைப் பார்த்து நான் என்ன சொல்ல முடியும், அதுவும் அவள் பணம்தான். எனக்கு நூற்றிரண்டு ரூபாய்க்குப் பதினாலு காசு குறைவு. வேண்டாம் என்று ஒதுங்கப் பார்த்தேன். நான் வாங்காவிட்டால் மற்ற நாற்பது பேருக்குப் பிரிக்க வேண்டும், எல்லாக் கணக்கையும் திருப்பி எழுத வேண்டும் என்றார் வக்கீல். கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

அந்தப் பணத்தைக் கடைப் பெட்டியில் போட மனசு வரவில்லை. குறைந்த பதினாலு காசை என் கையிலிருந்து சேர்த்து ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு சென்னியம்மாளைத் தேடிப் போனேன். ஆத்தூர் ரோட்டில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கிழங்குத் தோல் சீவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆலைக்குப் பின்னாலேயே ஒரு கொட்டகையில் தங்கியிருந்தாள். அண்ணன் வீட்டுக்குப் போகலாம் என்றால் அண்ணனுக்கே வீடு கிடையாது. ராசிபுரத்தில் வாடகைக்கு ஒரு அறை எடுத்துக்கொண்டு, காளியப்பன் ஆலையிலேயே கணக்கு எழுதப் போய்க்கொண்டிருந்தார் நாச்சிமுத்து.

ஆலை முற்றத்தில் ஒரு ஆள் உயரத்துக்குக் குச்சிக்கிழங்கு குவித்திருந்தது. சுற்றி முப்பது பொம்பளைகள் உட்கார்ந்து சீவிக்கொண்டிருந்தார்கள். அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். கையில் கத்தியோடு எழுந்து வந்தாள். விரலெல்லாம் கிழங்குப் பால் காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"உங்க காட்டுப் பணத்துல என்ற பங்குங்க. எனக்கு இது வேண்டாம். நீங்க வெச்சுக்கங்க" என்று கவரை நீட்டினேன்.

அவள் முதலில் திரும்பி, மற்றப் பெண்கள் பார்க்கிறார்களா என்று பார்த்தாள்.

"மெதுவாப் பேசுங்க சாமி" என்றாள். "நீங்க நல்லவிங்கதான். ஆனா நான் இத வாங்குனா அது என்ற காடுன்னு ஆயிருமுங்க. அப்பறம் எங்கண்ணன் பொய்யாப் பத்திரம் எழுதுச்சுன்னு ஆயிருமுங்க."

"யாருக்குங்க தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமுங்களே. உங்குளுக்கும் தெரியும்."

கவரைத் தொடவே இல்லை. காப்பி குடிச்சிட்டுப் போங்க என்று சொல்லக்கூட இங்கே வழியில்லை என்று வருத்தப்பட்டாள். மேஸ்திரி கூப்பிட்டான். போய்க் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து அடுத்த கிழங்கை எடுத்தாள்.

ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டார். சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன். புறப்பட்ட அவசரத்தில் வழிச்செலவுக்குச் சரியாகக் காசு எடுத்துவரவில்லை, போகும்போதே தீர்ந்துபோயிருந்தது. வேறு வழியில்லை. கவரைப் பிரித்து அதிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துக் கொடுத்தேன்.